ஊரிடம் கற்கும் உயர்கல்வி

ஆண்டுதோறும் நமது பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிலே ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் ஒன்று வருகின்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், மாணவர்கள் வினாக்கொத்துகளைக் கையிலேந்தி ஊர்களுக்குள் இறங்குகின்றனர். வேலியோரத்திலும் திண்ணையிலும் நின்று, குடும்பத்தில் எத்தனை பேர், காணி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா என்று கேட்கின்றனர். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் வீட்டுக்காரி, தேநீரும் கொடுத்து அனுப்புகின்றாள். விடைகள் அட்டவணைகளாகின்றன, அட்டவணைகள் நூற்றுவீதங்களாகின்றன, நூற்றுவீதங்கள் அத்தியாயங்களாகின்றன. ஆய்வேடு கட்டப்பட்டு நூலகத் தட்டில் ஏறுகின்றது. மாணவன் பட்டதாரியாகின்றான். விடை சொன்ன வீட்டுக்காரிக்கு அதனால் விளைந்தது யாது என்று கேட்பார் இல்லை.

இதனைக் குற்றச்சாட்டாக நாம் கூறவில்லை. மாணவர் தம் கடமையைச் செய்கின்றனர். ஆசிரியர் தாம் கற்ற முறையையே கற்பிக்கின்றனர். ஆயினும், 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியைத் தன் வரிப்பணத்தால் தாங்கி வருகின்ற ஒரு நாட்டிலே, அந்த வரியைச் செலுத்துகின்ற கமக்காரனும் கடற்றொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு வெறும் 'தகவலாளி'களாக மட்டுமே தெரிகின்றனர் என்றால், அது சிந்தனைக்குரிய விடயமேயாகும். அறிவைத் தருபவர் ஒருபுறம், அதனைக் கொண்டுசெல்பவர் மறுபுறம் என்ற இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாததுதானா? உயர்கல்வியிலே வேறொரு வழி உண்டா?

உண்டு என்பதே நமது துணிபு. கல்வியுலகிலே 'பங்கேற்புச் செயலாய்வு' என்று வழங்கப்படும் முறை அது. பெயர் சற்றுக் கடினமாயிருப்பினும் கருத்து எளியது. ஒரு பிரச்சினையால் வருந்துகின்ற மக்களே அப்பிரச்சினையை ஆராய்வோராகவும் இருத்தல். ஆராய்ந்து கண்டதன்படி ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்தல். செய்ததன் பலனை மீண்டும் கூடியிருந்து ஆராய்தல். அதிலிருந்து அடுத்த செயலுக்குச் செல்லுதல். ஆய்வாளன் இங்கே மேடையிலிருந்து நோக்குபவனல்லன், கூட்டத்துள் ஒருவன். மாணவனை அத்தகைய ஆய்வாளனாகப் பழக்குவதே இம்முறையைக் கற்பித்தல் முறையாகக் கொள்வதன் பொருள்.

இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜேர்மனியிலே கல்வி கற்பித்து, நாஜிகளின் ஆட்சி வந்ததும் 1933இல் அமெரிக்கா சென்ற யூத உளவியலறிஞர் கேர்ட் லெவின், 1946ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றிலே 'செயலாய்வு' என்னும் கருத்தைத் தெளிவாக வகுத்துரைத்தார். திட்டமிடல், செயற்படல், விளைவைக் கண்டறிதல் என்ற மூன்றும் படிப்படியாகச் சுழன்று மேலே செல்லும் ஒரு சுருளாக அவர் அதனைக் கண்டார். நூல்களை மாத்திரமே பிறப்பிக்கும் ஆராய்ச்சி போதாது என்பது அவர் முடிவு. 1953இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ரீபன் கோரி, இக்கருத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். தம் வகுப்பைத் தாமே ஆராயும் ஆசிரியரே தம் கற்பித்தலைத் திருத்திக்கொள்வர் என்பது அவர் வாதம்.

எனினும் 'பங்கேற்பு' என்ற சொல்லுக்கு உயிரூட்டியவர்கள் ஏழை நாடுகளின் அறிஞர்களேயாவர். தென்னமெரிக்கக் கொலம்பியா நாட்டின் சமூகவியலறிஞர் ஓர்லாண்டோ பால்ஸ் போர்டா, 1959இல் தம் நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பீடத்தை நிறுவியோருள் முதன்மையானவர். பல்கலைக்கழகத்தின் உச்சியிலே இருந்த அவர், குடியானவரோடு கூடி அவர்தம் வரலாற்றையும் நிலப்பிரச்சினையையும் ஆராயப் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேறினார். 1977இல் கார்த்தகேனா நகரிலே செயலாய்வு பற்றிய உலக மாநாடு அவர் முயற்சியாற் கூடியது. பிரேசில் நாட்டின் பாவுலோ பிறெயிரே, 1963இல் அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரிலே முந்நூறு தொழிலாளருக்கு, அவர்தம் வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டே ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த முயற்சியால் உலகறியப்பட்டவர். மறுவருடம் இராணுவ ஆட்சி வந்ததும் அவர் சிறை சென்றார். பின் நாடு கடந்தார். மாணவனின் தலையை வெறும் பெட்டகமாகக் கருதி அதில் ஆசிரியர் அறிவை வைப்புச் செய்யும் கல்வியை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஊரை வெறும் தகவற் களஞ்சியமாகக் கருதி அதிலிருந்து எடுத்துச் செல்லும் ஆராய்ச்சி, அந்தக் கல்வியின் மறுபக்கமேயன்றோ?

நமது நாட்டு நிலைக்கு வருவோம். 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் கிராமத்தை அடியோடு மறந்திருந்தது என்று கூறுவது நியாயமாகாது. கண்டிப் பகுதியின் பாததும்பறையிலே அது நடத்திய சமூக, பொருளாதார ஆய்வின் பெறுபேறு, 1957இல் என். கே. சர்க்கார், எஸ். ஜே. தம்பையா ஆகிய இருவரும் எழுதிய நூலாக வெளிவந்தது. 'சிதையும் கிராமம்' என்று பொருள்படும் தலைப்புடன் வந்த அந்நூல், இலங்கைக் கிராமத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளிலே இன்றும் மதிப்புடன் எடுத்தாளப்படுவது. உலகப் புகழ்பெற்ற மானிடவியலறிஞராகப் பின்னர் விளங்கிய தம்பையா அவர்கள், 1956இல் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாக் குடியேற்றங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையிலேதான் அங்கே இனக்கலவரம் மூண்டது. ஆராய்ச்சிக்குச் சென்றோர் வெளியே நின்று பார்ப்பவராக மட்டும் இருக்க இயலாது என்பதைக் காலம் அன்றே கொடூரமாக உணர்த்திற்று.

அதே கல்லோயாவிலே, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், முற்றிலும் வேறான ஒரு முயற்சி நிகழ்ந்தது. நமது கட்சிக்கு அதனையே தலையாய சான்றாகக் காட்ட விரும்புகின்றோம்.

பட்டிப்பளை ஆற்றை மறித்து அமைக்கப்பட்ட சேனநாயக்க சமுத்திரத்தின் நீரை நம்பி எழுந்த குடியேற்றம் அது. 1970களின் இறுதியிலே அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தும், கதவுகள் உடைந்தும் சீர்கெட்டிருந்தன. வாய்க்காலின் தலைப்பிலிருந்தோர் வேண்டுமளவுக்கு மேலாக நீரைப் பாய்ச்சினர். கடைமடையிலிருந்தோர் வானத்தை நோக்கியிருந்தனர். பொறியியலாளர் கமக்காரரைக் குறை கூறினர். கமக்காரர் பொறியியலாளரைக் குறை கூறினர். புனரமைப்பு வேலை தொடங்கியபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு புதிய வழியைக் கையாண்டன. 1981ஆம் ஆண்டு முப்பத்திரண்டு இளைஞர், யுவதிகள் குடியேற்றத்துள் அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கமக்காரக் குடும்பங்களிற் பிறந்து, பட்டம் பெற்று, வேலையின்றி இருந்தவர்கள்.

அவர்கள் செய்தது யாது? சங்கம் அமைக்கவோ, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவுசெய்யவோ அவர்கள் அவசரப்படவில்லை. வீடு வீடாகச் சென்று பேசினர், வாய்க்காலோரமாக நடந்தனர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து, 'நமக்குள்ள சிரமம் எது, நாமாகவே செய்யக்கூடியது எது' என்று ஆராய வழி செய்தனர். முதலில் வேலை, பின்னரே அமைப்பு என்பது அவர்களது நெறியாயிருந்தது. அவ்வாண்டின் சிறுபோகம் தொடங்கியபோது சமுத்திரத்தின் நீர் கொள்ளளவின் காற்பங்கு அளவிலேயே நின்றது. அத்தகைய வரட்சியிலே சண்டை மூளும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு. சில வாரங்களுள் கமக்காரர் தாமே சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கீழே உள்ளோருக்கு விட்டனர். தலைப்பிலிருந்த சிங்களக் கமக்காரர் மிச்சப்படுத்திய நீர் கடைமடையிலிருந்த தமிழ்க் கமக்காரரின் வயலுக்கும் சென்றது. இவற்றையெல்லாம் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலிலே விரிவாக எழுதியுள்ளார். கமக்காரர் பங்குபற்றும் நீர் முகாமைத்துவத்தை அரசாங்கம் 1988இல் தேசியக் கொள்கையாக ஏற்றுக்கொண்டமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாயிற்று.

இதனை ஒரு நீர்ப்பாசன வெற்றியாக மட்டும் கொள்வோர் பாதியையே கண்டவராவர். ஆசிரிய உலகம் காணவேண்டிய மறுபாதி அந்த முப்பத்திரண்டு பேரிடமே உள்ளது. அவர்கள் பட்டம் பெற்ற காலத்திலே கற்காதன எத்தனையோ. கூட்டத்திலே பேசாதிருப்பவனைப் பேசவைத்தல், பேசுபவனைச் சற்றுக் காத்திருக்கச் செய்தல், பொறியியலாளரின் வரைபடத்தையும் கமக்காரனின் அனுபவத்தையும் ஒரே மண்ணில் வைத்து ஒப்பிடுதல், தவறிய முயற்சியை மறைக்காது ஆராய்தல், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தல் ஆகிய இவையெல்லாம் பட்டத்துக்குப் பின்னரே அவர்களுக்கு வாய்த்தன. பட்டத்துக்குள்ளேயே இவற்றுக்கு இடம் இருந்திருக்கலாகாதா என்பதே நமது கேள்வி.

அந்தக் கதைக்கு ஒரு சோகமான பின்னிணைப்பும் உண்டு. அவர்களது பதவி தற்காலிகமானது. நிரந்தர ஆசிரிய நியமனங்கள் கிடைத்தபோது ஒருவர் பின் ஒருவராகப் பலர் விலகிச் சென்றனர். அவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. சோற்றுக்கு வழி வேண்டுமன்றோ. ஆனால் வாய்க்காலோரத்திலே அரிதிற் கற்ற அந்த அறிவு, அவர்கள் சென்ற வகுப்பறைகளுக்குள் நுழைய வழியிருந்ததா? பாடத்திட்டமும் பரீட்சையும் அதனை வாசலிலேயே நிறுத்தியிருக்குமென்றே நாம் அஞ்சுகின்றோம்.

இம்முறையைப் பல்கலைக்கழகத்துள் எவ்வாறு நடத்துவது என்று கேட்போருக்கு ஓர் உதாரணம் கூறுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறைகளிடையே தங்கியிருப்பது. தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அந்நீரிற் கலக்கின்றது என்பது பல ஆண்டுகளாக ஆராய்ந்தறியப்பட்ட உண்மை. வழக்கமான முறையிலே, மாணவர் கிணறுகளின் நீரை மாதிரியெடுத்து, ஆய்வுகூடத்திற் பரிசோதித்து, அளவுகளை எழுதி, 'உரப் பாவனையைக் குறைத்தல் வேண்டும்' என்று முடிவுரையிற் பரிந்துரைப்பர். வெங்காயம் நடும் கமக்காரன் அதனை அறியான். அறிந்தாலும், உரத்தைக் குறைத்தால் விளைச்சல் குறையுமே, கடனை யார் அடைப்பது என்று கேட்பான். அக்கேள்விக்கு ஆய்வேட்டில் விடையில்லை.

செயலாய்வு முறையிலே அந்தக் கேள்வியே தொடக்கமாகும். ஊரிலே பத்துக் கமக்காரரும் அவர்தம் மனைவிமாரும் மாணவரும் கூடுவர். எந்தக் கிணறுகளை ஆராய்வது என்பதை ஊராரே தீர்மானிப்பர். நீரை அளக்கும் வித்தையை மாணவர் அவர்களுக்குக் கற்பிப்பர். எந்தத் தோட்டத்துக்கு எப்பொழுது எவ்வளவு உரம் இடப்பட்டது என்ற கணக்கை ஊரார் மாணவருக்குக் கற்பிப்பர். ஒரு தோட்டத்தின் ஒரு மூலையிலே உரத்தைக் குறைத்து ஒரு போகம் செய்துபார்ப்பர். விளைச்சல் வீழ்ந்ததா, நீர் திருந்திற்றா, செலவு மிஞ்சிற்றா என்பதைச் சேர்ந்திருந்து கணக்கிடுவர். ஒரு போகத்திலே நிலத்தடி நீர் திருந்திவிடாது என்று இரசாயனம் கற்ற மாணவன் எச்சரிக்க வேண்டியிருக்கும். மழைக்கு முன் இட்ட உரம் வீணாகும் என்று கமக்காரன் எடுத்துரைக்க வேண்டியிருக்கும். இருவர் அறிவும் ஒன்றையொன்று திருத்தும். இங்கே விஞ்ஞானம் கைவிடப்படவில்லை. பயன்பட வேண்டிய இடத்துக்கு அது கொண்டுவரப்பட்டுள்ளது.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களை நாம் அறியாதோமல்லோம். முதலாவது நியாயம் நடுநிலை பற்றியது. செயலிலே ஈடுபட்டவன் எவ்வாறு பக்கச்சார்பின்றி ஆராய்வான் என்று கேட்பர். கேள்வி தகுந்ததே. ஆனால் வினாக்கொத்து முறையிலும் பக்கச்சார்பு இல்லாமலில்லை. எதனைக் கேட்பது, எதனைக் கேளாது விடுவது என்பதைத் தீர்மானித்தபோதே அது உள்ளே புகுந்துவிடுகின்றது. செயலாய்விலோ, கண்ட முடிவு பொய்யாயின் அதனை நம்பிச் செய்த செயல் தோற்கும். ஊரார் மறுநாளே வந்து கேட்பர். முடிவுகளுக்கு இதனினும் கடுமையான பரிசோதனை வேறில்லை.

இரண்டாவது நியாயம் காலம் பற்றியது. அரையாண்டுக்கொருமுறை பரீட்சை நடக்கும் பல்கலைக்கழகத்திலே, பயிரின் பருவத்துக்கும் மழையின் பருவத்துக்கும் காத்திருக்க நேரமெங்கே என்பர். இதுவும் மெய்யே. ஊரின் நாட்காட்டியும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் ஒன்றல்ல. அரைகுறையாகத் தொடங்கி நடுவழியில் விட்டுச் செல்லும் ஆய்வு, வினாக்கொத்தினும் பெரிய தீமையாகும். ஏனெனில் அது நம்பிக்கையை எழுப்பிவிட்டு அதனைக் கைவிடுகின்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், வந்து வந்து கேள்வி கேட்டுச் சென்றோரைக் கண்டு களைத்துப்போன கரையோர மக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது நியாயமே எல்லாவற்றிலும் வலியது. 'ஊர்' என்று நாம் ஒருமையிற் சொல்வது உண்மையில் ஒன்றா? காணியுள்ளவனும் இல்லாதவனும், உயர்ந்தோர் என்று தம்மைக் கருதுவோரும் ஒடுக்கப்பட்டோரும், ஆணும் பெண்ணும் ஒரே பாயில் இருந்து பேசுவரா? கூட்டம் என்றால் முதற் குரல் யாருடையது என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பெரியவர் பேசி முடித்ததை 'மக்களின் கருத்து' என்று எழுதிவிட்டால், பழைய அநீதிக்குப் புதிய முத்திரை குத்தியதாகும். பங்கேற்பு என்ற சொல்லே புதிய கொடுங்கோன்மையாகி விடுமோ என்ற ஐயத்தை எழுப்பி, இங்கிலாந்திலே பில் குக், உமா கோத்தாரி ஆகியோர் 2001இல் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டனர். வருகை இடாப்பில் ஒப்பம் வாங்கிவிட்டு 'மக்கள் பங்குபற்றினர்' என்று அறிக்கை எழுதும் வழக்கத்தை அறிந்தவர்கள், அந்த ஐயத்தை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

ஆனால் இந்த நியாயத்திலிருந்து பிறக்க வேண்டியது கைவிடல் அன்று, எச்சரிக்கையே. யார் பேசினர், யார் பேசவில்லை, பேசாதார் ஏன் பேசவில்லை என்பதை முதற் பாடமாக மாணவன் கற்றல் வேண்டும். சாதி பற்றியும் வர்க்கம் பற்றியும் பெண்ணின் நிலை பற்றியும் விரிவுரை மண்டபத்திலே கேட்ட கோட்பாடுகள், ஒரேயொரு கூட்டத்திலே, யார் கதிரையிலும் யார் நிலத்திலும் அமர்ந்தனர் என்பதைக் கண்ட கணத்தில் அவனுக்கு உயிர்பெறும். அதனைக் கண்டபின் அவன் எழுதும் ஆய்வேடு பழைய ஆய்வேடாக இராது.

எனவே நமது பல்கலைக்கழகங்களுக்கும் ஆசிரிய கலாசாலைகளுக்கும் கல்வியியற் கல்லூரிகளுக்கும் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

முதலாவது, எல்லா மாணவருக்கும் இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டாம். கட்டாயம் என்று வந்த கணமே இதுவும் ஒரு சடங்காகிவிடும். விரும்பிய மாணவருக்கு, தனித்தனி ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஐந்தாறு பேர் கூடிச் செய்யும் ஓராண்டுச் செயலாய்வை ஒப்புக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஊர் மாறாதிருக்க வேண்டும், மாணவர் மாறலாம். ஒரு பகுதி ஒரு ஊருடன் பல ஆண்டுகள் தொடர்பு வைத்திருப்பின், ஓராண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து மறு ஆண்டு மாணவர் தொடர்வர். அப்பொழுது நாட்காட்டிச் சங்கடம் பெரும்பாலும் நீங்கும். நடுவழியில் விட்டுச் செல்லும் பழியும் வராது.

மூன்றாவது, புள்ளியிடும் முறை மாறல் வேண்டும். வெற்றிக்கே புள்ளி என்றால் மாணவர் தோல்வியை மறைப்பர். எதனைச் செய்தோம், எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று எழுதிய நாட்குறிப்புக்குப் புள்ளி உண்டு என்றால் உண்மை வெளிவரும். மதிப்பீட்டிலே ஊராரின் சொல்லுக்கும் ஓரிடம் இருத்தல் தகும்.

நான்காவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். கண்ட முடிவுகள் முதலில் ஊரிலே, ஊரார் மொழியிலே, ஊரார் கூட்டத்திலே வாசிக்கப்படல் வேண்டும். அவர்கள் 'இது பிழை' என்று சொன்னால் அப்பிழை திருத்தப்பட்ட பின்னரே பல்கலைக்கழகத்துக்குச் செல்லல் வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் ஊருக்கு இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, விரிவுரையாளரே முதலில் மாணவராக வேண்டும். தமது வகுப்பையே செயலாய்வுக்கு உட்படுத்தாத ஆசிரியர், ஊரை அதற்கு உட்படுத்துமாறு மாணவரை அனுப்புதல் முறையன்று. எமது விரிவுரைகளால் மாணவர் கற்றனரா, குறிப்பெழுதி ஒப்புவித்தனரா என்பதை மாணவரோடு கூடியிருந்து ஆராயத் துணிவு வேண்டும். அத்துணிவு பிறந்தால் ஏனைய நான்கும் எளிதாகும்.

இலக்கியப் பக்கத்திலே இவ்விடயத்தை எழுதுவானேன் என்று வாசக நண்பர் சிலர் நினைத்தல் கூடும். ஊர்ப்புறத்து நாட்டார் பாடல்களையும் கதைகளையும் சேகரிக்கும் நமது தமிழ்த்துறை மாணவர்க்கும் இக்கேள்வி உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். பாடிய மூதாட்டியின் பாடல் ஒலிநாடாவிலேறி நகருக்குச் சென்றது. அது அச்சான நூல் அவள் வாசலுக்கு வந்ததா? அவள் பேரப்பிள்ளை படிக்கும் பாடசாலையிலேனும் ஒரு பிரதி உண்டா? மண்வாசனை பற்றி நாம் எத்தனையோ எழுதியிருக்கின்றோம். மண்ணுக்குரியோரைச் சக ஆராய்வாளராக மதித்து அவர்கள் பக்கத்தில் அமர்ந்த நாட்கள் எத்தனை?

வேலியோரத்திலே நின்று விடை சொன்ன அந்த வீட்டுக்காரியிடம் மீண்டும் செல்வோம். இம்முறை வினாக்கொத்து மாணவனின் கையில் மட்டும் இருத்தலாகாது. அவளும் ஒரு கேள்வியைக் கேட்கட்டும். அக்கேள்வியை மாணவனும் அவளும் சேர்ந்து ஆராயட்டும். பல்கலைக்கழகம் ஊருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அதனை ஒரே நாளில் தீர்க்க இயலாது; தீர்க்கத் தொடங்குதல் இந்தக் கல்வியாண்டிலேயே இயலும்.